மைக் பிடித்தவன் நான், தடை அவளுக்கா

அனுப்புநர்:
சி. தங்கராஜு,
மூத்த விற்பனையாளர் (31 ஆண்டு அனுபவம்),
இரும்புச் சாமான் கடை,
ஜாலான் புசார், சிங்கப்பூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மேல்முறையீட்டுக் குழு,
தீவு மகளிர் காற்பந்துச் சங்கம்,
சிங்கப்பூர்.

பொருள்: வாம்போ ரோவர்ஸ் மகளிர் அணியின் நான்காம் எண் தற்காப்பு ஆட்டக்காரர் செல்வி ரக்ஷனா மீது 12.9.2025 அன்று விதிக்கப்பட்ட ஆறு மாத ஆட்டத் தடையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன் என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பணிவுடன் பதிவு செய்துகொள்கிறேன். என் தங்கை மகள் ரக்ஷனா பெரிய ஆட்டக்காரியாக வருவாள் என்று சொன்னவன் நான். அவள் முழங்கால் ஒரு நாள் போகும் என்று சொன்னவனும் நான். காலால் தடுக்க முடியாதவளைக் காகிதத்தால் தடுப்பார்கள் என்று சொன்னவனும் நானே. இம்மூன்றையும் நான் சொன்னபோது பக்கத்தில் இருந்தது என் தங்கை விசாலாட்சி. அப்படி எதுவும் நினைவில்லை என்கிறாள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஞாபகசக்தி குறைவு.

1. நான் தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்புவரை படித்தவன். ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்ததால் ஏழு வருடப் படிப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். என் ஆங்கிலம் ஸ்க்ரூ, நட்டு, போல்ட்டு, பைப்பு விற்பதற்குப் போதும். நியாயம் கேட்பதற்குப் போதாது. நான்கு அதிகாரத்துவ மொழிகளில் எதிலும் மேல்முறையீடு செய்யலாம் என்று உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் இருப்பதால் தமிழில் எழுதுகிறேன். காணொளியில் நான் தமிழில் பேசிய நாற்பத்திரண்டு வினாடியை ஆங்கிலத்தில் மாற்ற உங்களுக்கு ஆள் கிடைத்தது. அந்த மொழிபெயர்ப்பில் ஒரு குறையும் இல்லை, நான் பேசியது அதுதான். அதே ஆளை இதற்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

2. உங்கள் தீர்ப்பின் சாரம் இது. ரக்ஷனா தன் கிளப்பின் அனுமதி இல்லாமல் பாங்காக்கில் உள்ள வேறொரு கிளப்புடன் பேச்சு நடத்தினாள், ஆகவே ஆறு மாதம் ஆடக் கூடாது. அதற்கு நீங்கள் வைத்திருக்கும் ஒரே ஆதாரம், ஒரு கல்யாண விருந்தில் நான் மைக்கில் பேசிய காணொளி. தடை வரும் மார்ச் மாதம்வரை போகிறது. அவளுடைய ஒப்பந்தமோ டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிகிறது. ஆட்டத்தில் இறங்காத இருபத்தேழு வயதுப் பெண்ணுக்கு, ஒரு முழங்கால் ஏற்கெனவே அறுவைச் சிகிச்சை கண்டவளுக்கு, எந்தக் கிளப் புது ஒப்பந்தம் போடும்? நீங்கள் ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை ஆயுள் தடை என்று படிக்கிறேன். இரும்புக் கடைக்காரன் அளவு விஷயத்தில் ஏமாற மாட்டான்.

3. தாங்கள் யாரைத் தடுத்திருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வாம்போவில் எங்கள் வீவக அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் 'பந்து விளையாடக் கூடாது' என்று ஒரு பலகை உண்டு. ரக்ஷனா ஒன்பது வயதில் அந்தப் பலகையைக் குறி வைத்துத்தான் பந்து பழகினாள். பலகைக்குப் பக்கத்துத் தூணில் ஒரே இடத்தில் நூறு முறை அடிப்பாள். தூண் ஒரு அங்குலம் நகர்ந்துவிட்டது என்பது என் கணிப்பு. அளந்து பாருங்கள் என்று உரியவர்களிடம் சொன்னேன். யாரும் டேப் எடுத்துக்கொண்டு வரவில்லை.

உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை. பையன்களோடு பயிற்சி செய்யலாம், ஆட்டத்தில் இறங்கக் கூடாது, தண்ணீர் போத்தல் தூக்கலாம் என்றார்கள். தூக்கினாள். ஒரு நாள் நட்பு ஆட்டத்தில் ஒரு பையனுக்கு வயிற்றுப்போக்கு. ஆள் இல்லாமல் அவளை இறக்கினார்கள். நான்கு கோல் போட்டாள். ஒன்று என்று அவள் சொல்வாள். தற்காப்பு ஆட்டக்காரிகள் அடக்கமாகத்தான் பேசுவார்கள்.

4. அவள் கால் சிறிய கால். அந்த அளவில் பெரியவர்களுக்கான பூட்ஸ் அப்போது கடைகளில் கிடையாது. பையன்களின் பூட்ஸைத்தான் போட்டாள். அடியில் திருகியிருக்கும் ஸ்டட் கழன்று விழுந்தால் நான்தான் கடையில் வைத்து, குறடு பிடித்து, வாஷர் கொடுத்து மாட்டிக் கொடுப்பேன். பதினெட்டு வயதில் அவள் வாம்போ ரோவர்ஸில் சேர்ந்தது முதல் இன்றுவரை என் கை படாத ஸ்டட்டோடு அவள் எந்த மைதானத்திலும் இறங்கியதில்லை.

5. இருபத்திரண்டாம் வயதில் இடது முழங்காலின் உள்ளே நார் கிழிந்தது. அப்போது அவளுக்கு ஒப்பந்தமும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பகலில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர் வேலை, அது முடிந்து பயிற்சி. வாயில் பஞ்சு வைத்த நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே மேசைக்கு அடியில் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருப்பாள். இனி ஓடுவதே கஷ்டம் என்று மருத்துவர் சொன்னார். ஒன்பது மாதம் எங்கள் புளோக்கின் பன்னிரண்டு மாடிப் படிகளை ஏறி இறங்கினாள். நானும் கூடவே ஏறினேன். மூன்றாம் மாடிவரை. அதன் பிறகு கீழே கோப்பியோடு உட்கார்ந்து எண்ணிக்கை வைத்துக்கொண்டேன். எண்ணுவதற்கும் ஓர் ஆள் வேண்டும் அல்லவா.

6. மகளிர் அணியைக் கிளப்பில் எப்படி வைத்திருக்க நீங்கள் விட்டிருக்கிறீர்கள் என்பதையும் இந்த இடத்தில் பணிவுடன் சொல்லிவிடுகிறேன். அவள் சொல்லாததால் நான் சொல்கிறேன். சிறுவர் அணி, ஆண்கள் அணி, ஆண்களின் இரண்டாம் அணி எல்லோரும் மிதித்து முடித்த பிறகுதான் பெண்களுக்கு மைதானம். பெண்கள் உடை மாற்றும் அறை என்று ஓர் அறை இருக்கிறது. அதில் கோல் வலைகளும், கோடு போடும் வெள்ளைத் தூள் மூட்டைகளும் இருக்கின்றன. மூட்டைகளுக்குத்தான் நல்ல இடம், பெண்கள் வாசல் பக்கம். பயிற்சி முடிந்து வரும்போது என் மருமகளின் பை, துண்டு, செருப்பு எல்லாம் வெள்ளை. கல்யாணத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வீட்டிலிருந்து வருகிறாயா என்று ஒரு முறை கேட்டேன். 'நான்தான் மாமா கோடு, என்னைத் தாண்டி யாரும் போக முடியாது,' என்றாள்.

இரண்டு வருடம் முன்பு முதல் முறையாக அவளுக்கு முழுநேர ஒப்பந்தம் கொடுத்தார்கள். பல் மருத்துவமனை வேலையை விட்டாள். அந்தக் காகிதத்தை வீட்டுக்குக்கூடக் கொண்டு போகாமல் நேராக என் கடைக்குக் கொண்டுவந்து, பைப்பு மூட்டுகளைத் தள்ளிவிட்டு, கல்லாப் பெட்டி மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக் கையெழுத்து நான். உங்கள் கோப்பில் எடுத்துப் பாருங்கள். கிரீஸ் கறை இருக்கும்.

7. இனி கல்யாணம். 31.8.2025 ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் எங்கள் உறவுக்காரப் பெண் பவித்ராவின் கல்யாண விருந்து. ரக்ஷனா பயிற்சி முடித்து, தலை காயாமலே சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் மேசையில் எதிரே உட்கார்ந்தவர் ரத்தினம்மா, தூரத்து உறவு. பிரியாணி வரும்வரை அவர் சும்மா இருந்திருக்கலாம்.

'ஏம்மா, நீ இன்னும் அந்தப் பந்துதான் ஒதைக்கிறியா?' என்று ஆரம்பித்தார். ஆமாம் ஆன்ட்டி, அதுதான் வேலை என்று இவள் சொன்னாள். 'அது வேலையா? கால்ல அவ்ளோ பெரிய தழும்பாமே. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுல கேட்டா ஒங்கம்மா என்னன்னு சொல்லுவா?' என்றார் அந்த அம்மாள். ரக்ஷனா சிரித்துக்கொண்டே, 'கேட்டா காட்டிரலாம் ஆன்ட்டி. ஒங்களுக்கு வேணும்னா இப்பவே காட்டறேன்,' என்றாள். மேசையே சிரித்தது. ஆனால் ஐயா, மேசைக்குக் கீழே அவள் விரல்கள் ஒரு மெல்லிய காகிதத் துண்டை எட்டாக மடித்து, பதினாறாக மடித்து, அதற்கு மேல் மடிக்க முடியாமல் அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என் தங்கை தட்டை விட்டு நிமிரவில்லை.

அந்த நேரம் பார்த்து, மணமக்களை வாழ்த்த வாருங்கள் என்று என்னை மேடைக்கு அழைத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாணம், காதுகுத்து, வேலை ஓய்வு எதுவானாலும் மைக் என் கையில்தான். தாய்மாமன் என்பவன் தட்டில் சீர் வைப்பதற்கு மட்டும் உள்ளவன் அல்ல ஐயா. என் மடியில் உட்கார வைத்துத்தான் ரக்ஷனாவுக்குக் காது குத்தினார்கள். நான்கு பேர் முன்னால் அவளை ஒருவர் குறைத்தால், நான்கு பேர் முன்னால் கூட்டிச் சொல்லவேண்டியது என் முறை. மணமக்களைச் சுருக்கமாக வாழ்த்தினேன். பிறகு நான் பேசியது உங்களிடம் இருக்கிறது. இருந்தாலும் மறைத்தேன் என்று வரக் கூடாது என்பதால் அதையே எழுதுகிறேன்:

'இன்னொரு சந்தோஷச் செய்தி. எங்க ரக்ஷனாவ பாங்காக்ல ஒரு பெரிய கிளப் கூப்பிடுது. மூணு வருஷ காண்ட்ராக்ட். வீடு குடுக்கறாங்க, கார் குடுக்கறாங்க. யாரு பேசி முடிக்கிறா? நான்தான். பேச்சு நடந்துகிட்டே இருக்கு லா. அதனால கால்ல தழும்பு இருக்கேன்னு யாரும் கவலைப்பட வேணாம். அந்தக் காலத்தான் அவன் கேக்கறான்.'

மண்டபமே கை தட்டியது. ரத்தினம்மா தன் பங்குப் பாயசத்தை ரக்ஷனா பக்கம் நகர்த்தினார். மாப்பிள்ளை வீட்டில் ஒருவர் அதைக் கைபேசியில் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மூன்றாம் நாள் அது கிளப் மேலாளரின் கையில். பன்னிரண்டாம் நாள் உங்கள் தடை.

8. அந்தப் பாங்காக் கனவானைப் பற்றி உங்கள் குழு என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகவே சொல்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு புதன்கிழமை, நல்ல மழை. உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சாம்பல் நிறக் கால்சட்டை. கடைக்குள் வந்து அரை அங்குல எல்போ, அதாவது பைப்பு வளைவு, ஒன்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் பிடித்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, பைப்பு வேலைக்கு வந்தவர் இல்லை. ஸ்டூல் போட்டேன். நுரை பொங்க ஆற்றிய தே தாரே டீ இரண்டு குடித்தார், சீனி குறைவாக. பிறகு குரலைத் தாழ்த்தி, உங்கள் நான்காம் எண் எங்களுக்கு வேண்டும் என்றார். அவளுடைய நான்கு ஆட்டங்களை ஒளிந்திருந்து பார்த்தாராம். மூன்று வருடம், வீடு, கார் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. அவர் கொடுத்த முகவரி அட்டை மழையில் நனைந்து எழுத்து முழுவதும் கரைந்துவிட்டது. கிளப்பின் பெயர் என் வாயில் நுழையவில்லை.

9. ஆகவே பேசியவன் நான், தே தாரே வாங்கிக் கொடுத்தவன் நான், மேடையில் சொன்னவன் நான். ரக்ஷனாவுக்கு ஒன்றும் தெரியாது. அவளுக்கு எதற்குத் தடை? இன்னொன்றும் கேட்கிறேன். ஆண்கள் அணியில் ஒருவன் வெளிநாடு போகப் போகிறான் என்று கோப்பிக் கடை முழுவதும் பேசினால் அது பெருமை. பெண் ஒருத்தி போகப் போகிறாள் என்று கல்யாணத்தில் பேசினால் அது விசாரணை. இது எந்த ஊர் நடுவர் ஊதுகிற விசில்?

10. ஐயா, இதுவரை எழுதி, சுத்தமாகப் படி எடுத்து, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சனிக்கிழமை மாலை ஷமீமாவிடம் படிக்கக் கொடுத்தேன். ஷமீமா என்பவர் வாம்போ ரோவர்ஸின் கோல்காவலர், அணித்தலைவர். ஸ்டட் வாங்கக் கடைக்கு வந்திருந்தார். முழுவதும் படித்துவிட்டு, 'அங்கிள், சூப்பரா எழுதியிருக்கீங்க. ஆனா இதைக் குடுத்தீங்கன்னா அவளுக்கு ஆறு மாசம் பன்னெண்டு மாசமா ஆயிரும் லா,' என்றார். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னார். ஆட்டக்காரர் சார்பில் உறவினர் பேசினாலும் ஆட்டக்காரரே பேசியதாகக் கொள்ளப்படுமாம். மொழி பற்றிய வரிக்கு அடுத்த வரி அதுதான். நான் மொழி வரியோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவர், 'அந்த ஆளு நெஜமா வந்தாரா அங்கிள்?' என்று கேட்டார். பெனால்டி அடிக்க வருகிறவனின் காலைப் பார்ப்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். நான் எல்போ பெட்டிகளை அளவுவாரியாக அடுக்க ஆரம்பித்தேன். அவை ஏற்கெனவே அளவுவாரியாகத்தான் இருந்தன.

11. ஆகவே கீழ்க்கண்டதைத் தெரிவித்துக்கொள்கிறேன். அப்படி ஒருவர் வரவில்லை.

பாங்காக்கிலிருந்து யாரும் வரவில்லை, கூப்பிடவில்லை, எழுதவில்லை. அந்தப் புதன்கிழமை மழை பெய்தது உண்மை. அரை அங்குல எல்போ விற்றதும் உண்மை, வாங்கியவர் எங்கள் வழக்கமான பிளம்பர். மற்றதெல்லாம் மேடைக்கு நடந்து போன பன்னிரண்டு அடியில் நான் உண்டாக்கியது. ஸ்டூலும் தே தாரேயும் பிற்பாடு சேர்ந்தவை. எட்டாம் பத்தியை அடித்துவிடலாம்தான். அடித்தால் எதையோ மறைக்கிறான் என்பீர்கள். அது அங்கேயே இருக்கட்டும், பொய் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் பத்தியில் ஆணையும் பெண்ணையும் பற்றி நான் கேட்டது அப்படியே நிற்கிறது.

விருந்து முடிந்து எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது ரக்ஷனா என் பக்கத்தில் வந்து, 'மாமா, நெஜமாவே கூப்பிட்டாங்களா?' என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமாம் என்றேன். இந்த மனுவில் எனக்கு மன்னிப்புக் கேட்க வேண்டியது உங்களிடம் அல்ல. கேட்கவேண்டிய இடத்தில் நேற்று கேட்டுவிட்டேன். கீழ்த்தளத்தில் தனியாகப் பயிற்சி செய்யப் பூட்ஸ் கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு காலும் கட்டி முடித்தாள். பிறகு, 'காருமா மாமா?' என்றாள். காரும்தான் என்றேன். எழுந்து போய் அந்தப் பழைய தூணில் பந்தை அடிக்க ஆரம்பித்தாள். நான் எண்ணிக்கை வைத்துக்கொண்டேன். இருநூற்றுப் பதினெட்டு. இதில் கூட்டல் இல்லை.

12. அதற்காக நான் தலையைக் குனிந்துகொண்டு முடிப்பேன் என்று நினைக்க வேண்டாம். ஒன்பது வருடம் உங்கள் சங்கத்தில் ஆடியவள், உங்கள் விசாரணையில் உட்கார்ந்து, என்னிடம் யாரும் பேசவில்லை, மாமா சொன்னதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னாள். ஒவ்வொரு சொல்லும் உண்மை. நீங்கள் நம்பவில்லை. பிரியாணி சாப்பிட்ட கையோடு மைக் பிடித்தவன் சொன்னான். உடனே நம்பினீர்கள். எந்தக் கிளப் என்று கேட்டீர்களா? பாங்காக்குக்கு ஒரு அழைப்பு போட்டீர்களா? கேட்டிருந்தால் என் பொய் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது. நான் பொய் சொன்னது ஒரு மேடையில். அதைத் தீர்ப்பாக மாற்றியது உங்கள் முத்திரை.

ஆகவே தடையை உடனே ரத்து செய்து, அக்டோபர் 18ஆம் தேதி அரையிறுதியில் நான்காம் எண் சட்டையோடு அவள் இறங்க உத்தரவிட வேண்டும். யாரையாவது தண்டித்தே ஆக வேண்டுமென்றால் என்னைத் தண்டியுங்கள். ஆறு மாதம் என்னை எந்த மைதானத்துக்குள்ளும் விடாதீர்கள். இடது பக்க வேலியில் நான் நிற்கும் இடம் எல்லா நடுவர்களுக்கும் தெரியும், அங்கே யாராவது நிற்கிறார்களா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். விசாரணைக்கு அழைத்தால் வந்து இதையே வாயாலும் சொல்கிறேன். மைக் வேண்டாம். அப்படியே அந்த அறையிலிருந்து தூள் மூட்டைகளை எடுக்கச் சொல்லுங்கள். அது நான் உண்டாக்கிய கதை இல்லை, கதவைத் திறந்தால் மூக்கிலேயே தெரியும்.

எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னவன் என்று தொடக்கத்தில் எழுதினேன். ஒன்றை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு வயது அறுபத்திரண்டு. நான் சொன்னதை என் தங்கை நம்பியதில்லை, கடை முதலாளி நம்பியதில்லை, ரத்தினம்மாகூட அன்று பாயசத்தை நகர்த்தியதோடு நிறுத்திக்கொண்டார். முதல் முறையாக உங்கள் சங்கத்தில் ஐந்து பேர் மேசை போட்டு உட்கார்ந்து என் பேச்சை முழுவதுமாக நம்பினார்கள். அந்த நாளில் போயும் போயும் அப்படி ஒன்றையா நான் சொல்லியிருக்க வேண்டும்.

இம்முறை உண்மையுள்ள,

(ஒப்பம்)
சி. தங்கராஜு
ரக்ஷனாவின் தாய்மாமன்

இடம்: ஜாலான் புசார், சிங்கப்பூர்
தேதி: 22.9.2025